பழைய அறிவியல் பத்திரிகைகளும் ஒரு தலைமுடியும்: மலையில் தொடங்குபவர்களுக்கு

தலை முழுவதையும் மூடும் ஒரு கவசம். மரமும் தக்கையும் கம்பளமுமாகச் செய்தது. கண்ணுக்கு நேரே இரண்டு கண்ணாடி, அவற்றிலும் கறுப்பு பூசி நடுவில் மெல்லிய கீற்று மட்டும் விட்டிருக்கிறார்கள். வாய்ப் பக்கத்திலிருந்து ஒரு குழாய் போய் ஆக்ஸிஜன் சிலிண்டரில் சேர்கிறது. அதை மாட்டிக்கொண்டு ஒருவர் மேசையில் எழுதிக்கொண்டிருக்கிறார். 1925 ஜூலை மாத 'சயின்ஸ் அண்ட் இன்வென்ஷன்' இதழில் அதன் ஆசிரியர் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் வெளியிட்ட 'ஐசொலேட்டர்' இது. சத்தம் காதில் விழாமல், பார்வை அலையாமல் வேலை செய்ய ஒரு கருவி.

முதலில் பார்க்கும் எல்லோருக்கும் சிரிப்பு வரும், வரட்டும். சிரித்து முடித்ததும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: யாருக்கு என்ன தொல்லை இருந்ததால் இது தோன்றியது? டைப்ரைட்டர் தட்டும் சத்தம், டெலிபோன் மணி, ஜன்னலுக்கு வெளியே புதிதாக வந்த மோட்டார் வண்டிகள் என்று கெர்ன்ஸ்பேக் காலத்து ஆபீஸை நினைத்துப் பார்த்தால் தலைக்கவசம் புரிந்துவிடும். இந்தக் கேள்வி கைவந்துவிட்டால் பழைய பத்திரிகைகளின் எந்த வினோதமும் உங்களிடம் பேசும். எனக்கு அது கைவரச் சில வருஷம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆகவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் நீலகிரி மலையில் கோத்தகிரிக்காரன், பழைய அறிவியல் பத்திரிகைகளைத் தேடி வாங்கிப் படிப்பவன். அதனால் சொல்வதெல்லாம் மலையை வைத்துத்தான் இருக்கும்.

எதைத் தேடுவது

ஆங்கிலத்தில் நான்கு பெயர்களைத் தெரிந்துகொண்டால் தொடங்கிவிடலாம். 1845-ல் தொடங்கிய 'சயன்டிஃபிக் அமெரிக்கன்', 1872-ல் வந்த 'பாப்புலர் சயின்ஸ்', 1902-ல் சிகாகோவிலிருந்து வந்த 'பாப்புலர் மெக்கானிக்ஸ்', அப்புறம் மேலே சொன்ன கெர்ன்ஸ்பேக்கின் இதழ். வீட்டிலேயே செய்து பார்க்கும் சாமான்களுக்கு 'பாப்புலர் மெக்கானிக்ஸ்', பகல் கனவுகளுக்குக் கெர்ன்ஸ்பேக்.

தமிழில் இல்லையா என்றால், இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து வந்த 'கலைக்கதிர்', தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்', 'யுனெஸ்கோ கூரிய'ரின் தமிழ்ப் பதிப்பு ஆகியவற்றைக் கண்டால் விடாதீர்கள். 'கல்கண்டு' துணுக்குகளும் 'மஞ்சரி'யின் அறிவியல் பக்கங்களும் வேறு ருசி. வெளிநாட்டு வினோதம் ஒன்று நம் ஊர் வாசகருக்கு எந்தச் சொற்களில் வந்து சேர்ந்தது என்று பார்க்க அவற்றைவிட நல்ல இடம் கிடையாது.

எங்கே, எப்போது

மலையில் பழைய ஆங்கிலப் பத்திரிகை கிடைப்பதற்குக் காரணம் உண்டு. எஸ்டேட் பங்களாக்கள், போர்டிங் பள்ளிகள், வெலிங்டன் பக்கம் குடியேறிய ஓய்வுபெற்ற ராணுவக் குடும்பங்கள். இந்த வீடுகள் கைமாறும்போது முதலில் வெளியே வருவது காகிதம்தான். அது நேராகப் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. அங்கே லோடு சேர்ந்ததும் லாரி ஏறிக் கீழே இறங்கிவிடும். ஆகவே கடைக்காரரிடம் லோடு எந்தக் கிழமை போகிறது என்று கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு இரண்டு நாள் முன்னால் போய் நில்லுங்கள். நான் போகும் கடை அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்: "எடைக்கு எடுத்துக்கங்க தம்பி, ஆனா கட்டைப் பிரிச்சா திரும்பக் கட்டி வெச்சிட்டுப் போங்க." அன்றிலிருந்து சணல் கயிறு என் பையிலேயே இருக்கிறது. திரும்பக் கட்டி வைப்பவனுக்கு அடுத்த முறை போன் வரும்.

வாங்க நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. உறைபனிக் காலத்துப் பகல் காற்று உலர்ந்திருக்கும், காகிதத்தின் உண்மையான நிலை தெரியும். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் பெரிய மழை. அந்த மாதங்களில் வாங்கும் கட்டு தொட்டால் சில்லென்று இருக்கும், எடையும் கூடவே நிற்கும். தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுப்பீர்கள்.

காசு போட்டு வாங்க வேண்டாம், படித்தால் போதும் என்பவர்களுக்கு உதகையில் 1859-ல் தொடங்கிய நீலகிரி நூலகம் இருக்கிறது. அது உறுப்பினர் முறையில் நடப்பதால் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்க இன்டர்நெட் ஆர்கைவ், கூகுள் புக்ஸ் இரண்டும் போதும். 'பாப்புலர் சயின்ஸ்', 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' இரண்டின் பழைய இதழ்களையும் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். தமிழுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும்.

வீட்டுக்கு வந்ததும்

என் முதல் கட்டு நாற்பது இதழ். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மரப்பெட்டியில் வைத்து, பெட்டியை வெளிச்சுவர் ஓரமாகத் தள்ளினேன். அக்டோபர், நவம்பர், டிசம்பர் போனது. பொங்கலுக்கு முன் திறந்தபோது சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்து, இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பலகையாக இருந்தன. ஆறு இதழ்களைத்தான் பிரிக்க முடிந்தது. அந்த நாள் இன்னும் மனதில் கனக்கிறது. அந்தக் காகிதம் தொண்ணூறு வருஷம் தாங்கியிருந்தது, என்னிடம் மூன்று மாதம் தாங்கவில்லை.

அதனால் ஒழுங்காகச் சொல்கிறேன். கட்டு வந்ததும் பிளாஸ்டிக்கில் மூடாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் அங்கேயே அடைபட்டுவிடும். காற்றோட்டமான அறையில், வெயில் நேரே படாத இடத்தில் நிறுத்தி வையுங்கள், இதழை விசிறி போல லேசாக விரித்துவிடுங்கள். ஈரம் அதிகமென்றால் சில பக்கங்களுக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளைத்தாள் செருகி, தினம் மாற்றுங்கள். பூசணம் இருந்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு, நன்றாகக் காய்ந்த பிறகு வீட்டுக்கு வெளியே வைத்து மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத்தோடு துடைத்தால் கறை காகிதத்துக்குள் இறங்கிவிடும். துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்னை நகக்கண்ணால் இழுக்காமல், பின்பக்கம் நிமிர்த்திவிட்டுக் கழற்றுங்கள். கிழிசலுக்கு செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். சில வருஷத்தில் பசை பழுத்து எழுத்தையே தின்றுவிடும். இராமபாணப் பூச்சி இருந்தால் ஜிப் கவரில் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் திறக்காமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

அலமாரி வெளிச்சுவரை ஒட்டி இருக்கக்கூடாது. நான்கு விரல் இடைவெளி விடுங்கள். அதற்குமேல் கவனிக்க வேண்டியது காற்றின் ஈரம் ஒன்றுதான். ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூசணம் வரும். அதை அளக்க ஒரு கருவியை இந்தப் பத்திரிகைகளின் முறையிலேயே நாமே செய்துவிடலாம்.

முதல் செய்முறை: தலைமுடி ஈரமானி

ஜெனீவாக்காரரான ஒராஸ் பெனடிக்ட் டி சோசூர் மலைமேல் பைத்தியம் கொண்டவர். 1787-ல் மோன் பிளாங் சிகரத்தின்மேலேயே ஏறி அளவுகள் எடுத்தார். அதற்கு நான்கு வருஷம் முன்பே, 1783-ல், மனிதத் தலைமுடியால் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியை விவரித்து எழுதிவிட்டார். ஈரம் ஏறினால் முடி நீளும், இறங்கினால் சுருங்கும். துளி ஈரமும் இல்லாத வறட்சியிலிருந்து முழு ஈரம் வரைக்கும் நீளும் அளவு சுமார் இரண்டரை சதவீதம்தான். அந்தச் சின்ன நீட்சியைக் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக்குவதில்தான் வேலை இருக்கிறது.

வேண்டியவை: 30 சென்டிமீட்டருக்குக் குறையாத நீள முடி ஒன்று, ஒரு பலகை, தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவின் பிளாஸ்டிக் ரீஃபில், தையல் ஊசி, ஒரு ஈர்க்குச்சி, சட்டைப் பொத்தான். சாயம் போடாத முடியாக இருக்கவேண்டும். என் கருவியில் இருப்பது அக்காவின் முடி. சீப்பில் சுற்றியிருந்ததை எடுத்தேன்.

முடியில் எண்ணெய் இருந்தால் ஈரம் உள்ளே போகாது, நம் ஊர் முடியில் தேங்காய் எண்ணெய் இல்லாமல் இருக்காது. ஷாம்பூ போட்டு இரண்டு முறை கழுவி, சர்ஜிகல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒருமுறை உருவிக் காயவிடுங்கள். அதன்பிறகு விரலால் நடுவில் தொடாதீர்கள், இரண்டு நுனிகளை மட்டும் பிடியுங்கள்.

பலகையை நிறுத்தி, மேலே ஒரு ஸ்க்ரூவில் முடியின் ஒரு நுனியைக் கட்டுங்கள். 25 சென்டிமீட்டர் கீழே ஊசியை அடித்து, அதில் ரீஃபில் துண்டு ஒன்றைச் செருகுங்கள். தொட்டால் தடையில்லாமல் சுற்றவேண்டும். முடியை ரீஃபில்மேல் ஒரே ஒரு சுற்று சுற்றி, மறுநுனியில் பொத்தானைத் தொங்கவிடுங்கள். ரீஃபிலின் முன்முனையில் ஈர்க்குச்சியைப் பசையால் ஒட்டுங்கள், அதுதான் முள். ஒரு பக்கம் 15 சென்டிமீட்டர் நீட்டி, மறுபக்கம் குட்டையாக விட்டு, குட்டைப் பக்கத்தில் மெழுகு உருண்டை வைத்து எடையைச் சமப்படுத்துங்கள். இந்த மெழுகை விட்டுவிட்டால் முள்ளின் எடையே முடியை இழுத்து எல்லா அளவையும் கெடுத்துவிடும். நான் ஒரு வாரம் திணறியது இங்கேதான்.

கணக்கைப் பாருங்கள். ரீஃபிலின் விட்டம் 3 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு ஒன்பதரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 25 சென்டிமீட்டர் முடி முழுதாக நீண்டால் 6 மில்லிமீட்டர். அதாவது முள் அரைச் சுற்றுக்கும் மேலே போகும். ஆனால் முடி ஒரே சீராக நீளாது. வறண்ட பக்கம் நிறைய நீளும், ஈரப் பக்கம் கொஞ்சமாகத்தான் நீளும். நம் மலையில் காற்று பெரும்பாலும் ஈரப் பக்கத்திலேயே இருப்பதால், 75-லிருந்து 100 சதவீதத்துக்குப் போக முள் ஏறக்குறைய 30 பாகைதான் நகரும். பதினைந்து சென்டிமீட்டர் முள்ளின் நுனியில் அது ஏழெட்டு சென்டிமீட்டர், கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

அளவு குறிக்க இரண்டு புள்ளி போதும். கருவியைத் தண்ணீரில் பிழிந்த துண்டால் முடியில் படாமல் கூடாரம்போல மூடி, அரைமணி நேரம் கழித்து முள் நிற்கும் இடம் 100. அடுத்தது உப்பு. ஒரு கிண்ணத்தில் தூள் உப்பைக் கொட்டி, சேறு போலக் குழையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, கருவியோடு சேர்த்துப் பெரிய டப்பாவில் வைத்து மூடுங்கள். ஒரு நாள் போனால் உள்ளே காற்று 75 சதவீதத்தில் வந்து நிற்கும். ஈர உப்பின் இயல்பு அது. அடுக்களை உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதற்கும் இதுவே காரணம்: வெளிக்காற்று 75-ஐத் தாண்டிவிட்டது என்று பொருள். ஜாடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

75-ஐச் சிவப்பு மையால் குறியுங்கள். முள் அதை நெருங்கினால் அலமாரிக்குள் நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்றை, காகிதத்திலிருந்து தள்ளி, நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும் எரியவிடலாம்.

வாசிக்கும் முறை

இதழைத் திறந்ததும் ஒவ்வொரு வினோதத்தையும் இது எந்த வகை என்று பிரியுங்கள். செய்து ஓட்டிக் காட்டியதா, காப்புரிமை மட்டும் வாங்கியதா, ஓவியர் வரைந்த கனவா, வேடிக்கைக்குக் கிளப்பிவிட்டதா?

செய்ததாக இருந்தால் ஊர், ஆள், புகைப்படம் மூன்றும் இருக்கும். கனவென்றால் 'விரைவில் வரக்கூடும்' என்று வாக்கியம் வழுக்கும், படம் ஓவியமாக இருக்கும். காப்புரிமை எண் கொடுத்திருந்தால் கூகுள் பேட்டன்ட்ஸில் போட்டுப் பாருங்கள், வரைபடத்தோடு வரும். ஆனால் காப்புரிமை என்பது அந்தக் கருவி விற்றது என்பதற்குச் சான்று அல்ல. 1896-ல் ஜேம்ஸ் பாயில் என்பவர், கையைத் தூக்காமலே தலையைக் குனிந்தால் தொப்பி தானாக உயர்ந்து வணக்கம் சொல்லும் பொறிக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். கை நிறையச் சாமானோடு தெருவில் போகிறவர் மரியாதை தவறக்கூடாதே என்ற கவலை. அந்தக் கவலை நிஜம்.

ஜன்னலுக்கு வெளியே தொங்கும் குழந்தைக் கூண்டையும் எப்படியும் பார்ப்பீர்கள். 1923-ல் அமெரிக்காவில் எம்மா ரீட் காப்புரிமை வாங்கினார், 1930-களில் லண்டனில் சில வீடுகளில் உண்மையாகவே மாட்டினார்கள். படம் பார்க்கும்போது வயிற்றைக் கலக்கும். தோட்டமில்லாத அடுக்குமாடியில் பிள்ளைக்கு வெயிலும் காற்றும் எப்படிக் கொடுப்பது என்று தவித்த தாய்மாரை நினைத்தால் கூண்டு வேறு மாதிரி தெரிகிறது.

ஏப்ரல் மாத இதழ்களில் கூடுதல் கவனம் வேண்டும். 1934 ஏப்ரலில் ஒரு ஜெர்மன் படப் பத்திரிகை, மூச்சுக் காற்றின் பலத்தாலேயே ஒருவர் பறப்பதாகப் புகைப்படம் போட்டது. முட்டாள்கள் தினத்து வேடிக்கை. அமெரிக்கச் செய்தித்தாள்கள் உண்மையென்று நம்பி அதை அச்சடித்தன.

மலையில் மட்டும் செய்யக்கூடிய சில

தண்ணீர் கொதிக்கும் சூட்டை அளந்து பாருங்கள். ஏறக்குறைய 300 மீட்டர் ஏற ஒரு டிகிரி குறையும். கோத்தகிரியில் சுமார் 94, உதகையில் 92, 93. பத்தொன்பதாம் நூற்றாண்டு நில அளவையாளர்கள் இதே வழியில்தான் சிகரங்களின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். இங்கே பருப்பு வேகாமல் அடம் பிடிப்பதும் அதனால்தான். டெனி பப்பான் 1679-ல் நீராவியை அடைத்து எலும்பை வேகவைத்துக் காட்டியது அன்றைக்கு வினோதம். அதன் வழிவந்த குக்கர் இல்லாமல் இன்று மலையில் ஒரு வீடு கிடையாது.

கண்ணாடிக் குருவி பொம்மை கிடைத்தால் வாங்குங்கள். தலையை நனைத்துவிட்டால் தம்ளர் தண்ணீரில் குனிந்து குனிந்து எழும், 1946-ல் மைல்ஸ் சல்லிவன் காப்புரிமை பெற்றது. தலையின் ஈரம் ஆவியாகும் குளிர்ச்சியில்தான் அது ஆடுகிறது. மிஸ்ட் இறங்கி ஜன்னலுக்குள் வந்துவிட்ட நாளில் அதை மேசையில் வையுங்கள். ஆட்டம் மெதுவாகி நின்றுவிடும். உள்ளே இருக்கும் திரவம் நல்லதல்ல, உடைந்தால் கையால் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

தொடவே கூடாதவை

பழைய இதழ்கள் சொல்வதையெல்லாம் செய்யக்கூடாது. ரேடியம் கலந்த தண்ணீரை டானிக்காக விற்ற காலம் அது. அமெரிக்கத் தொழிலதிபர் ஈபன் பையர்ஸ் அதைக் குடித்துக் குடித்து 1932-ல் இறந்தார். செருப்புக் கடையில் கால் அளவு பார்க்க எக்ஸ்ரே பெட்டி வைத்தார்கள். கறை எடுக்கக் கார்பன் டெட்ராகுளோரைடு, சூடு தாங்க ஆஸ்பெஸ்டாஸ், விளையாட்டுக்குப் பாதரசம் என்று சாதாரணமாக எழுதியிருப்பார்கள். இவற்றோடு, மெயின் கரண்டை நேராகத் தொடும் எந்தச் செய்முறையையும் படிப்பதோடு நிறுத்துங்கள். பிள்ளைகளோடு செய்வதாக இருந்தால் பொருட்களின் பட்டியலை முதலில் நீங்கள் படித்துவிடுங்கள்.

வீட்டுக்கு வெளியே

பத்திரிகையில் படித்தது போல ஒன்று நேரில் நிற்பதைப் பார்க்க அதிக தூரம் போகவேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-ல் வந்த ரயில் பாதையில், கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பாருங்கள். பல் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம். ஸ்விட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் யோசித்தது: இஞ்சினின் பல்சக்கரம் ஒரு பல்லை விடும் நேரத்தில் இன்னொன்றைப் பிடித்தே இருக்கும்.

பழைய இதழ்களுக்கு ஒற்றைத் தண்டவாளம் என்றால் உயிர். லூயி பிரென்னன் சுழலும் சக்கரங்களின் பலத்தில் ஒரே தண்டவாளத்தின்மேல் நிற்கும் வண்டியை 1909-ல் ஓட்டிக் காட்டினார். அதற்கும் முன்பே, 1902-ல், மூணாறிலிருந்து பழனி மலைத்தொடரின் ஓரமான டாப் ஸ்டேஷனை நோக்கி ஒற்றைத் தண்டவாள வண்டி ஒன்றை மாடுகள் இழுத்தன. 1908-ல் அதை மாற்றிச் சிறு ரயில் போட்டார்கள், 1924 வெள்ளம் அதையும் கொண்டுபோனது. ஒற்றைத் தண்டவாளத்தில் பெரும் எடையையும், பக்கத்துச் சக்கரம் ஒன்றால் தரையில் மீதியையும் தாங்கும் இந்த முறைக்கு ஈவிங் முறை என்று பெயர். அதே முறையில் 1907 முதல் 1927 வரை பாட்டியாலாவில் ஓடிய வண்டியை டெல்லி ரயில்வே மியூசியத்தில் பார்க்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது உதகைக்குப் பக்கத்தில் முத்தொரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி, அதாவது வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் கருவி. அதன் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய குழுவினரும் மலையிலேயே தேடி, உதகையின் அட்சரேகையான 11 பாகை அளவுக்கே சரிந்த ஒரு சரிவைக் கண்டுபிடித்து அதன்மேல் கட்டினார்கள். அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பினாலே வானில் நகரும் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். 1970-லிருந்து வேலை செய்கிறது. உள்ளே போக முன் அனுமதி வேண்டும், தூரத்திலிருந்தே பார்த்தாலும் சரிவும் கருவியும் ஒன்றாக இருப்பது தெரியும்.

ஒரு நோட்டு

கடைசியாக ஒரு நோட்டு போடுங்கள், கோடு போட்ட சாதாரண நோட்டு போதும். இதழின் பெயர், மாதம், பக்கம், எந்த வகை, யாருடைய எந்தத் தொல்லை, இவ்வளவுதான். செய்து பார்த்ததென்றால் தேதியும் அன்றைய வானிலையும். இதழின்மேல் பேனா வைக்காதீர்கள்.

என் நோட்டில் போன அக்டோபரில் எழுதிய வரி இது: "மாலை 5 மணி. வெளியே எதிர்வீடு தெரியவில்லை. முள் சிவப்பைத் தாண்டி நாலு விரல். குருவி ஆடவில்லை. பல்பு போட்டேன். 7 மணி, முள் சிவப்புக்குக் கீழே வந்துவிட்டது."